முதல் உருண்டை முனியப்பனுக்கு

நவம்பர் 14, வெள்ளி

ஏற்காட்டில் இன்று பனி கொஞ்சம் அதிகம்தான். மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் பத்து மணி வரை கண்ணில் படவில்லை. கம்ப்ரஸருக்கு எண்ணெய் பார்த்தேன். நாளை மறுநாள் சேலத்திலிருந்து ஒரு உதிரிபாகக் கம்பெனி ஆட்கள் இருபத்திரண்டு பேர், சாய உருண்டையால் ஒருவரையொருவர் சுடும் பெயிண்ட்பால் விளையாட வருகிறார்கள். அத்தனை மார்க்கரும் தயாராக இருக்க வேண்டும். துப்பாக்கி என்று சொல்லக் கூடாது, மார்க்கர் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது முதலாளி லூர்துராஜ் சாரின் உத்தரவு. வருகிறவர்களில் ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை.

மதியம் ஏழாம் நம்பரைப் பிரித்தேன். இருப்பதிலேயே பழையது அதுதான். மற்றவை எல்லாம் சும்மா பிளாஸ்டிக் பொம்மை. இது முழு இரும்பு, உள்ளுக்குள்ளேயே தனி ரெகுலேட்டர் வைத்தது. சிலிண்டரிலிருந்து வெறியோடு வரும் காற்றை அடக்கி, ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரே அளவாகப் படியளக்கும். வீட்டு கேஸ் அடுப்பு ரெகுலேட்டர் செய்கிற வேலைதான். பதினோரு வருடம் அடுப்பு ரிப்பேர் பார்த்தவனுக்கு இதைவிட அழகான சாமான் கிடைக்காது. ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கை நீவிப் பார்த்து மாட்டினேன்.

பிறகு வழக்கம் போல வேலி ஓரத்து முனியப்பன் சாமிக்கு ஒரு உருண்டை விட்டுவிட்டு, கிரோனோவில் பத்து சுட்டேன். கிரோனோ என்பது மார்க்கரின் குழல் வாய்க்கு முன்னால் வைத்தால் உருண்டையின் வேகத்தைச் சிவப்பு எழுத்தில் காட்டும் பெட்டி. விநாடிக்கு 280 அடியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

276, 275, 277, 276, 276, 275, 276, 277, 276, 276.

காற்றைத்தான் இப்படி அளந்து தருகிறது. கண்ணுக்கே தெரியாத காற்றை! என்னால் இரண்டு தோசையை ஒரே அளவில் ஊற்ற முடியாது. பத்து எண்களையும் நோட்டில் எழுதும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கம்பெனி ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விளையாடினார்கள். ஏழாம் நம்பர் சௌடேஸ்வரி என்ற பெண்ணுக்குப் போயிற்று. ஸ்டோர் பிரிவில் வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும், மார்க்கரைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினாள். எதிர்க் கட்சியில் அவளுடைய மேனேஜர் கேசவமூர்த்தி. கடைசி ஆட்டத்தில் அவள் சுட்ட உருண்டை அவருடைய காதில் பட்டது. முகமூடியில் காதை மூடும் பிளாஸ்டிக் தகடு இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆள் அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்தார். காதிலிருந்து கொஞ்சம் ரத்தம். ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்களாம்.

இடையில் நாற்பதடி தூரம். 276 வேகத்தில் போகிற உருண்டை அந்தத் தூரத்தில் தகட்டைப் பிளக்காது. எனக்கு இது நன்றாகத் தெரியும்.

எங்கள் நடுவர் நதியா நேரில் பார்த்தவள். மாவட்டத்துக்குக் கபடி ஆடியவள், சுலபத்தில் பதற மாட்டாள். இன்று பதறிப்போயிருந்தாள்.

“அந்தக்கா விசில் அடிச்சதுல இருந்து ட்ரம்மு பின்னாடியே குந்திக்கிட்டு இருந்துச்சுங்ணா. சுடவே இல்ல. கடைசீல அவங்க ஆளுங்க சுடு சுடுன்னு கத்தவும் எந்திரிச்சு ஒண்ணே ஒண்ணு. அது போயி அவரு காதுல...”

சௌடேஸ்வரி ஆபீஸ் அறை வாசலில் நின்று திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். “ஒண்ணுதாங்க சுட்டேன். சாமி சத்தியமா ஒண்ணுதாங்க.” அவளோடு வந்தவர்கள் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. போன மாதம் கேசவமூர்த்தி எல்லார் முன்னிலையிலும் அவளைத் திட்டினாராம். ஒருத்தர் அதைச் சொன்னார், இன்னொருத்தர் ‘பழி தீர்த்துட்டாப்பா’ என்றார். அவளுடைய சாவிக்கொத்தில் ஒரு சின்ன ஆலன் கீ தொங்கியது. மார்க்கரின் பின்பக்கம் வேகத்தைக் கூட்டும் ஸ்க்ரூ ஒன்று உண்டு. அதை ஆலன் கீ போட்டுத்தான் திருக வேண்டும்.

எல்லாரும் அந்தச் சாவிக்கொத்தையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

நவம்பர் 17, திங்கள்

ஏழாம் நம்பரைச் சோதித்தேன். முனியப்பனுக்கு ஒன்று. பிறகு கிரோனோவில் பத்து. 276, 276, 275, 277, 276, 275, 276, 276, 277, 276. யாராவது திருகினால் தெரிவதற்காக ஸ்க்ரூவில் நான் போட்டிருந்த பெயின்ட் கோடு நகரவில்லை.

மார்க்கர் சரி. என் வேலை சரி.

நவம்பர் 18, செவ்வாய்

கம்பெனிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று லூர்துராஜ் சார் கூப்பிட்டார். நான் பத்து எண்களையும் எழுதி, மார்க்கரில் குறை இல்லை என்று முடித்தேன். அவர் படித்துவிட்டு, “இது பத்தாதுப்பா அர்த்தநாரி. மார்க்கர் நல்லாருக்குன்னா அப்புறம் எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பாங்கல்ல?” என்றார்.

“ஸ்க்ரூவுல கோடு நகரலீங்க சார்.”

“திருகிட்டு, சுட்டுட்டு, திரும்பவும் அதே எடத்துல கொண்டாந்து வெச்சிருக்கலாம்ல? முடியாதுன்னு சொல்வியா?”

முடியவே முடியாது என்று எப்படிச் சொல்வது? ‘வெளியார் கை பட்டிருக்க வாய்ப்பு உண்டு’ என்று ஒரு வரி சேர்ந்தது. வரி அவருடையது, கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

நவம்பர் 20, வியாழன்

கம்ப்ரஸர் ஃபில்டர் மாற்றினேன். ஆள் வரவில்லை. பனி.

நவம்பர் 23, ஞாயிறு

சௌடேஸ்வரி வந்தாள். சேலத்திலிருந்து பஸ் ஏறி, இருபது வளைவு சுற்றி, தனியாக. கையில் என் அறிக்கையின் நகல். அதை நாலாக மடித்து, மடிப்பு கிழிகிற அளவுக்குப் படித்திருந்தாள். டிசம்பர் ஐந்தாம் தேதி கம்பெனியில் விசாரணை என்றாள். குற்றம் உறுதியானால் வேலை போகும். போலீஸில் கொடுப்பார்களா என்பது கேசவமூர்த்தி இஷ்டம்.

“ஆபீஸ்ல யாரும் எங்கூட ஒக்காந்து சாப்பிடறதில்லீங்க. கொலகாரியப் பாக்கற மாதிரி பாக்கறாங்க” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்க்கரைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ரெகுலேட்டர், ஓ-ரிங், ஸ்க்ரூ, பெயின்ட் கோடு, நோட்டு எல்லாவற்றையும் காட்டினேன். இத்தனை கவனமாகப் பார்க்கிற ஆள் இந்த மலையிலேயே கிடையாதம்மா என்றும் சொன்னேன். அவள் நோட்டில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். பிறகு கேட்டாள்.

“நீங்க பத்து சுட்டுப் பாத்திருக்கீங்க. நான் பத்து சுடலீங்களே. ஒண்ணுதானுங்களே சுட்டேன்?”

“ஒண்ணு சுட்டாலும் அதே வேகந்தாம்மா. பத்தும் ஒண்ணுதான்” என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொல்லிவிட்டேன்.

அவள் தலையாட்டிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

குளிரால் இருக்குமோ என்று பார்த்தேன். காலை பனியில் பத்து, உச்சி வெயிலில் பத்து. இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றே அடி.

உருண்டைகளின் சுற்றளவால் இருக்குமோ? அன்று பயன்படுத்திய பெட்டியிலிருந்து நாற்பதை எடுத்து அளவு வளையத்தில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. ஸ்பிரிங்கைக் கழற்றிப் புது ஸ்பிரிங்கோடு சேர்த்து நிறுத்தினேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

யோசிக்கவில்லை என்று நேற்று எழுதினேன். அப்புறம் எதற்கு நாற்பது உருண்டைகளை அளந்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 27, வியாழன்

பள்ளி ஆசிரியர்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஷெட்டில் எல்லா மார்க்கரிலும் காற்றைத் திறந்து, ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குக் கொண்டுபோனோம். ஆசிரியர்கள் முகமூடி மாட்டுவதற்குள் நானும் நதியாவும் டீ வாங்கினோம். பிறகு வழக்கம் போல முனியப்பனுக்கு ஆளுக்கு ஒன்று.

முனியப்பன் என்பது வேலி ஓரத்தில் சுண்ணாம்பு அடித்து மீசை வரைந்த கல். அவர் மேல் சுடுவதில்லை, அபச்சாரம். பக்கத்தில் ஒரு மண் மூட்டை கிடக்கிறது, அதில் சுடுவோம். அன்றைய முதல் உருண்டை அவருக்கு, அப்புறம்தான் கிரோனோ, அப்புறம்தான் ஆட்டம். ஏழாம் நம்பர் மட்டும் என் கையில். சுட்டேன். மூட்டையிலிருந்து மண் தெறித்தது.

நதியா சிரித்துக்கொண்டே சொன்னாள். “முனியப்பன் உருண்டைக்குச் சத்தமே தனிங்ணா. அதுலயும் ஏழாம் நம்பருக்கு அவரு எறங்கி வந்துருவாரு.”

இது அவள் வழக்கமாகச் சொல்வது. எல்லாரும் சொல்வதுதான். நானே புது ஆட்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

டீ ஆறும்வரை நான் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

இன்று மைதானத்துக்கு விடுமுறை. வேண்டுமென்றே போனேன்.

பழைய அடுப்பு ரிப்பேர் பெட்டியில் ஒரு பிரஷர் கேஜ் கிடந்தது. ஏழாம் நம்பரின் ரெகுலேட்டரைத் தாண்டிக் காற்று வெளியே வரும் பக்கம் ஒரு அடைப்பு ஆணி உண்டு. அதைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜை மாட்டினேன். காற்றைத் திறந்தேன். முள் 420 பவுண்டில் வந்து நின்றது. அதுதான் சரியான அளவு. சுட்டேன். விழுந்து, எழுந்து, மறுபடி 420. சுட்டேன். 420. இத்தனை காலம் நான் எழுதிய நோட்டு முழுக்க இந்த 420தான் பேசியிருக்கிறது.

பிறகு சுடாமல் உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது தெரியுமா? அதுபோலத்தான். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். 440. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், நான்தான் எதையோ அழுத்துகிறேனோ என்ற சந்தேகத்தில். 480. யாரும் தொடவில்லை. ஷெட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஒரு சத்தம் இல்லை, ஒரு கசிவு வாடை இல்லை. 530. நாலு நிமிடம் முடிந்தபோது முள் 630-ல் இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்றால் அடிபட்டுவிடுமோ என்ற பயம் இல்லை. கோயிலில் திரை விலகும்போது ஒரு நொடி கை தானாகக் கூம்புமே, அது.

ரெகுலேட்டரைப் பிரித்தேன். காற்றை அடைக்கிற வாஷர் ஒரு துவரம்பருப்பு அளவு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் விளிம்பில் ஒரு கீறல். தலைமுடிகூட நுழையாது, காற்று நுழைகிறது. அடுத்தடுத்துச் சுட்டால் அந்தக் கசிவுக்கு நேரம் கிடைப்பதில்லை, அதனால் எல்லாம் ஒரே வேகம். சுடாமல் காத்திருந்தால் உள்ளே காற்று சேர்ந்துகொண்டே போகிறது. அத்தனையும் காத்திருந்த பிறகு சுடுகிற முதல் உருண்டையில் போய்விடும். இரண்டாவது உருண்டை மறுபடியும் உத்தமன்.

அதாவது இந்த இயந்திரம் தன் நோயை முதல் உருண்டையில்தான் சொல்லும்.

அந்த முதல் உருண்டையைத்தான் நாங்கள் நித்தமும் முனியப்பனுக்கு விட்டுக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 29, சனி

கீறல் வாஷரையே திரும்ப மாட்டி, முனியப்பனுக்கு விடாமல், முதல் உருண்டையை நேராகக் கிரோனோவில் சுட்டேன். மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான்.

ஒரு நிமிடம் காத்திருந்து சுட்டால் 293. இரண்டு நிமிடத்துக்கு 311. நாலு நிமிடத்துக்கு 338.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே. பொய் சொல்லத் தெரியாத சாமான் இது. கேட்கத் தெரியாதவன் கையில் இருந்திருக்கிறது.

லூர்துராஜ் சாரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். நாலு குடும்பம் இந்த மைதானத்தால் சாப்பிடுகிறது, அதையும் அவர்தான் யோசிக்க வேண்டும்.

“வாஷர் புதுசு இருக்குதா?”

“இருக்குதுங்க சார்.”

“மாட்டிரு. மாட்டிட்டு மறந்துரு. அறிக்கை போயிருச்சு. இப்பப் போயி நம்ம சாமான்ல கோளாறுன்னு சொன்னா நாளைக்கு ஒரு கம்பெனி மலை ஏறுமா?”

“அந்தம்மாவுக்கு வேலை போயிருங்க சார்.”

“நீ போறதுன்னா உன் பேர்ல போ. மைதானம் பேர்ல போகாத” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

டிசம்பர் 1, திங்கள்

புது வாஷர் மேசைமேல் இருக்கிறது. மாட்ட ஐந்து நிமிட வேலை. மாட்டினால் ஏழாம் நம்பர் குணமாகிவிடும். சாட்சியும் போய்விடும். ரிப்பேர்காரன் ஒருத்தன் கெட்டுப்போன சாமானைக் கெட்டது கெட்டபடி பொத்திப் பாதுகாப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும். கை அரிக்கிறது. புது வாஷரைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். என்ன ஏது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை வரை கேட்டாலும் தராதே என்றேன்.

பழைய நோட்டுகளை எடுத்தேன். ஏழாம் நம்பர் வாஷர் மாற்றிப் பதினாலு மாதம் ஆகிறது. ஏப்ரலில் ஒரு கல்லூரிப் பையனுக்கு முதுகில் தழும்பு. ஆகஸ்டில் ஒருத்தர், ‘ஏழாம் நம்பர் பட்டா உயிர் போவுது’ என்று சொன்னதற்கு, ‘பயந்தவங்களுக்கு எல்லாம் வலிக்கும்’ என்று நானே பதில் எழுதி வைத்திருக்கிறேன். நான் எழுதியது. என் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

இதுவரை எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வழக்கம், வழக்கம் என்று எழுதி வந்தேனே, அந்த வழக்கத்தை ஆரம்பித்ததே நான்தான். ஆறு வருடம் முன்னால் கம்ப்ரஸர் குழாய் வெடித்து யாருக்கும் ஒன்றும் ஆகாமல் தப்பித்தோம். மறுநாள் நான் முனியப்பனுக்கு ஒரு உருண்டை விட்டேன். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் செய்தார்கள். பக்திதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் உருண்டை எப்போதும் கொஞ்சம் எண் கூடக் குறையத்தான் வரும், என் பத்து எண்களின் வரிசையைக் கெடுக்கும். அதைச் சாமிக்குக் கொடுத்துவிட்டால் நோட்டு சுத்தமாக இருக்கும். இது அப்போதே எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

டிசம்பர் 3, புதன்

சௌடேஸ்வரிக்குப் போன் செய்தேன். விசாரணைக்கு மார்க்கரோடு வருகிறேன் என்றேன். “கேக்குதாம்மா?” என்றேன். “கேக்குதுங்க” என்றாள். அவ்வளவுதான்.

டிசம்பர் 5, வெள்ளி

காலை ஏழு மணி பஸ். மடியில் ஏழாம் நம்பர் பெட்டி, காலடியில் கிரோனோவும் சிலிண்டரும். கண்டக்டர் பெட்டிக்குள் என்ன என்று கேட்டதற்கு வீணை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

கம்பெனி குடோனில்தான் விசாரணை. மேசைக்குப் பின்னால் இரண்டு அதிகாரிகள். ஒரு பக்கம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கேசவமூர்த்தி. இன்னொரு பக்கம் சௌடேஸ்வரி, நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டிருந்தாள்.

நான் கொடுத்த அறிக்கை தப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மண் மூட்டை போட்டு, கிரோனோவை ஸ்டாண்டில் நிறுத்தி, காற்றைத் திறந்து, வாஷரில் இருக்கிற கீறலைப் பற்றி விளக்கினேன். “இப்ப நாலு நிமிஷம் யாரும் இதத் தொடக் கூடாதுங்க. அப்புறம் சுடறேன், எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க” என்றேன். எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நாலு நிமிடம் ஆயிற்று. மார்க்கரை எடுத்தேன். சுட்டேன். பிறகு கிரோனோவில் வைத்துச் சுட்டேன். சிவப்பு எழுத்து வந்தது.

277.

“சரியாத்தானே இருக்குது?” என்றார் ஒரு அதிகாரி. கேசவமூர்த்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சௌடேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீறல் அடைத்துக்கொண்டதா, சேலத்து வெயிலா என்று என்னென்னவோ ஓடியது. இன்னொரு அதிகாரி ஒரு பெண்மணி. அவர்தான் கேட்டார். “அந்த மூலையில மொதல்ல ஒண்ணு சுட்டீங்களே, அது எதுக்கு?”

திரும்பிப் பார்த்தேன். குடோன் மூலையில் அடுக்கியிருந்த ஒரு அட்டைப்பெட்டி பிளந்து, மஞ்சள் சாயம் வடிந்துகொண்டிருந்தது. நான்தான் சுட்டிருக்கிறேன். எப்போது திரும்பினேன், எப்போது சுட்டேன், ஒன்றும் நினைவில்லை. கை தானாக முனியப்பனுக்கு விட்டுவிட்டது. சேலத்துக் குடோனில், முனியப்பன் இல்லாத இடத்தில்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“இதாங்க. இந்தத் தப்பத்தாங்க ஆறு வருசமா தெனமும் பண்றேன். மொதல் உருண்டைய சாமிக்கு விட்டுட்டு, மிச்சத்த எண்ணிக் கணக்கெழுதி, எல்லாம் சரின்னு கையெழுத்துப் போடறேன். இந்தம்மா சுட்டது மொத உருண்டைங்க. அத நான் பாத்ததே இல்லீங்க” என்றேன்.

பிறகு கேசவமூர்த்தி எழுந்து வந்தார். “இன்னொரு தடவ காத்திருங்க. இந்தத் தடவ நான் சுடறேன்” என்றார்.

மார்க்கரை அவரிடம் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று மட்டும் சொல்லிவிட்டு விலகி நின்றேன், என் கை அதன் பக்கத்தில் போகாதபடி. காத்திருந்தோம். நாலு நிமிடம் எத்தனை நீளம் என்று அந்தக் குடோனில் இருந்த எல்லாருக்கும் இன்று தெரிந்திருக்கும். வெளியே ஒரு லாரி பின்னால் எடுக்கிற சத்தம், மின்விசிறிச் சத்தம், வேறொன்றும் இல்லை. அந்த இரும்புக்குள் மட்டும் ஒரு முள் ஏறிக்கொண்டிருப்பதை நான் மனதில் பார்த்துக்கொண்டிருந்தேன். 440. 480. 530.

அவர் சுட்டார். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

341.

கேசவமூர்த்தி அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தார். அது தானாக அணைகிற வரை பார்த்தார். பிறகு சௌடேஸ்வரி பக்கம் திரும்பி, “அன்னிக்கு எவ்வளவு நேரம் சுடாம இருந்தீங்க?” என்றார்.

“விசில் அடிச்சதுல இருந்துங்க சார்.”

“ஏன்?”

அவள் ஏதோ சொன்னாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் பஞ்சு வைத்த காதைக் காட்டி, மற்ற காதைத் திருப்பிக்கொண்டு, “கேக்கல. சத்தமாச் சொல்லுங்க” என்றார்.

“உங்க மேல சுட மனசு வரலீங்க சார்!” என்றாள் சௌடேஸ்வரி. குடோன் முழுக்கக் கேட்டது. சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இருபது வளைவும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வெறுப்பு இருந்திருந்தால் பார்த்தவுடனே சுட்டிருப்பாள். 276-ல் போயிருக்கும், சட்டையில் ஒரு மஞ்சள் கறையோடு முடிந்திருக்கும். வேண்டாம், வேண்டாம் என்று அவள் தயங்கிய ஒவ்வொரு நொடியும் உள்ளே ஒரு பவுண்டாக ஏறியிருக்கிறது. அவள் தயக்கத்தைத்தான் நாங்கள் குற்றம் என்று எழுதியிருக்கிறோம். இதை எப்படிச் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. உலகம் இத்தனை நுணுக்கமாக இருக்கிறது, ஒரு துவரம்பருப்பு அளவு ரப்பருக்குள்.

டிசம்பர் 6, சனி

சௌடேஸ்வரி போன் செய்தாள். குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள். நேற்று சாயங்காலம் கேசவமூர்த்தி அவள் மேசைக்கு வந்து மன்னிப்புக் கேட்டாராம், போன மாதம் திட்டியதற்கும் சேர்த்து. காது இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “இன்னிக்கு நாலு பேரு எங்கூட ஒக்காந்து சாப்பிட்டாங்க” என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

லூர்துராஜ் சார் என்னைக் கூப்பிட்டு, மேசைமேல் ஒரு அட்டையை வைத்தார். வாசலில் மாட்டுவதற்காக அவரே எழுதியது. ‘இங்குள்ள ஒவ்வொரு மார்க்கரின் முதல் உருண்டையும் சோதிக்கப்படுகிறது.’ “எழுத்துப் பிழை இருக்குதா பாரு” என்றார். பிழை இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மனைவியிடம் சாவி வாங்கி, புது வாஷரை எடுத்துப் போய் மாட்டினேன். கோட்டுக்குக் கொண்டுபோய்க் காற்றைத் திறந்தேன். நதியா மண் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சாமிக்குங்ணா?”

“இனிமே அவருக்கு உருண்டை இல்ல. வேற குடுக்கறேன்.”

ஏழாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு முனியப்பன் எதிரில் ஐந்து நிமிடம் சும்மா நின்றேன். சுடவில்லை, பேசவில்லை, வேண்டிக்கொள்ளவும் இல்லை. பனி விலகி ஒவ்வொரு மரமாகத் தெரிய ஆரம்பித்தது. பக்கத்தில் நதியாவும் என்ன என்று புரியாமலே நின்றாள். ஐந்து நிமிடம் முடிந்ததும் திரும்பி, முதல் உருண்டையைக் கிரோனோவில் சுட்டேன்.

276.

நதியாவுக்கு முகம் வாடிவிட்டது. “என்னங்ணா, முனியப்பன் சத்தத்தையே காணோம்?” என்றாள்.